குளத்தில் விளைந்து கப்பலில் வந்த ஐஸ்!



வெயில் காலம் வந்துவிட்டால் போதும், எங்கள் குன்றத்தூர் கடைத்தெருவில் கரும்புச்சாறு வண்டிகளும் சர்பத் கடைகளும் வரிசையாக முளைத்துவிடும். கடைக்காரர் ஐஸ் கட்டியை எங்கே வைத்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்திருப்பார். இல்லாவிட்டால் சாக்குப்பையால் நன்றாகச் சுற்றி வைத்திருப்பார். முன்பெல்லாம் மரத்தூள் அல்லது உமியைக் கொட்டி அதற்குள் புதைத்து வைப்பார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. குளிர் அடித்தால் நாம் கம்பளி போர்த்திக்கொள்கிறோம். உடம்பு கதகதப்பாகிறது. அப்படியென்றால் ஐஸுக்குச் சாக்குப் போர்த்தினால் அது சூடாகி, சீக்கிரம் உருகிப் போக வேண்டாமா? கடைக்காரர் ஏன் போர்த்தி வைக்கிறார்?

விடையை இப்போதே சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு கதை கேளுங்கள். கட்டுக்கதை அல்ல, நம் சென்னையில் நடந்த கதை!

பெயரில் ஒளிந்திருக்கும் கதை

மெரினா கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் கடற்கரைச் சாலையில் வட்டமாக, அரண்மனை போல ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பகுதிக்கு மக்கள் வழங்கும் பெயர் 'ஐஸ் ஹவுஸ்'. அங்கே உள்ள காவல் நிலையத்துக்கும் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் என்றுதான் பெயர். ஏன் தெரியுமா?

1842-இல் அந்தக் கட்டடம் கட்டப்பட்டதே ஐஸை வைப்பதற்காகத்தான்! அப்போது சென்னையில் மின்சாரம் கிடையாது. ஃபிரிட்ஜ் கிடையாது. ஐஸ் தொழிற்சாலையும் கிடையாது. நம் ஊரில் மார்கழி மாதத்துப் பனியில்கூட வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தண்ணீர் உறைய வேண்டுமானால் 0 டிகிரிக்குப் போக வேண்டுமே! பிறகு ஐஸ் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆமாம், பாய்மரக் கப்பலில் ஏறி, பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது!

ஐஸ் அறுவடை

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே குளிர்காலத்தில் ஏரி, குளம் எல்லாம் மேலே உறைந்து, கல்தரை போலக் கெட்டியாகிவிடும். அந்த ஊரைச் சேர்ந்தவர் பிரடெரிக் டியூடர். 'நமக்குச் சும்மா கிடைக்கும் இந்த ஐஸை வெப்பமான நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. 1806-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. அந்தப் பயணத்தில் அவருக்கு நஷ்டம்தான் மிஞ்சியது. ஆனாலும் அவர் விடவில்லை.

1825 வாக்கில் நத்தானியேல் வயத் என்பவர், குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியைச் செய்தார். நம் ஊரில் மாடு பூட்டி ஏர் உழுவதுபோல, அங்கே குதிரை பூட்டி உறைந்த குளத்தின் மேல் கோடு கோடாகக் கீறினார்கள். பிறகு ஒரே அளவான சதுரப் பாளங்களாகப் பெயர்த்து எடுத்தார்கள். நெல் அறுவடை போல அது ஐஸ் அறுவடை!

1833-ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். வழியில் நிலநடுக்கோட்டை இரண்டு தடவை தாண்ட வேண்டும். நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் கப்பல் கல்கத்தா சேர்ந்தபோது, உள்ளே சுமார் 100 டன் ஐஸ் உருகாமல் இருந்தது!

அதன் பிறகு பம்பாய்க்கும் சென்னைக்கும் ஐஸ் வரத் தொடங்கியது. மூன்று நகரங்களிலும் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. சென்னையில் எழுந்ததுதான் நம் ஐஸ் ஹவுஸ். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் பணக்காரர்களும்தான். காய்ச்சல் கண்ட நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது.

காந்தியடிகள் விரும்பிப் படித்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ. அவர் 'வால்டன்' என்ற குளத்தின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் அந்தக் குளத்தில் ஐஸ் வெட்டுவதை அவர் பார்த்தார். தன் குளத்துத் தண்ணீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளவர்கள் குடிக்கப் போகிறார்களே என்று 1854-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் வியந்து எழுதியிருக்கிறார்.

சரி, கதை இருக்கட்டும். இந்தக் கதைக்குள் அறிவியல் கேள்விகள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஏரி ஏன் மேலே மட்டும் உறைகிறது?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. நிரம்பினால் 24 அடி ஆழம் தண்ணீர் நிற்கும். ஒரு பேச்சுக்கு, இந்த ஏரியைத் தூக்கிக்கொண்டுபோய் பாஸ்டன் பக்கத்தில் வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் வருகிறது. என்ன நடக்கும்?

முதலில் மேல்மட்டத் தண்ணீர் குளிரும். பொதுவாக எந்தப் பொருளும் குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் அடர்த்தி கூடும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கும். கீழே உள்ள வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். அதுவும் குளிரும், இறங்கும். இப்படியே ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்து சேரும்.

இங்கேதான் தண்ணீர் ஒரு வேடிக்கை செய்கிறது. 4 டிகிரிக்குக் கீழே போனால் அது சுருங்குவதை நிறுத்திவிட்டு விரியத் தொடங்குகிறது! விரிந்தால் இலேசாகும் அல்லவா? ஆகவே 3 டிகிரி, 2 டிகிரி, 1 டிகிரித் தண்ணீர் எல்லாம் கீழே இறங்காமல் மேலேயே மிதக்கும். கடைசியில் மேல்மட்டம் 0 டிகிரியைத் தொட்டு உறையும். அடியில் 4 டிகிரித் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மீன்கள் அங்கே உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்.

உறைந்த ஐஸ் இன்னும் இலேசு. 1 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 1,090 மில்லிலிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது சுமார் 9 சதவீதம் பெருக்கம். அதனால்தான் டம்ளரில் போட்ட ஐஸ் மிதக்கிறது.

ஏன் இப்படிப் பெருக்கிறது? உங்கள் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் எல்லோரும் வாசலை நோக்கி ஓடுகிறீர்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நெருக்கமாக நகர்கிறீர்கள். இது தண்ணீர். தண்ணீரின் மூலக்கூறுகள் இப்படித்தான் நெருக்கி, உருண்டு, இடம் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து, உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதுகிறார். "கையை நீட்டு! இடைவெளி விட்டு நில்!" என்கிறார். அதே பிள்ளைகள்தான். ஆனால் இப்போது மைதானத்தில் அதிக இடம் வேண்டியிருக்கிறது. இது ஐஸ்! உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு ஆறு மூலை வடிவத்தில் ஒழுங்காக நிற்கின்றன. நடுவில் காலி இடம் விழுகிறது. இந்தக் கைபிடிப்புக்கு 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று பெயர். பெரிய வகுப்புக்குப் போனதும் விரிவாகப் படிப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோ சோடாவோ நிரப்பி, இறுக மூடி, ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறையும் தண்ணீர் விரிய இடம் தேடும். இடம் கிடைக்காவிட்டால் பாட்டிலையே உடைத்துவிடும்.

உருகாமல் வந்தது எப்படி?

இது இரண்டாவது கேள்வி. நான்கு மாதக் கடல் பயணத்தில் 180 டன்னில் 100 டன் மிஞ்சியது எப்படி? மூன்று இரகசியங்கள் உண்டு.

முதல் இரகசியம், பெரிய பாளம். 10 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள ஒரு ஐஸ் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகங்கள். ஒவ்வொரு முகமும் 100 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 600. இந்தக் கட்டியை 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. மொத்தம் 6,000! ஐஸ் அதே அளவுதான். ஆனால் காற்றுப் படும் பரப்பு பத்து மடங்கு கூடிவிட்டது. வெப்பம் நுழையும் வாசல் பத்து மடங்கு ஆகிவிட்டது. அதனால்தான் உடைத்த ஐஸ் சீக்கிரம் உருகுகிறது. கப்பலில் பாளங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கியபோது, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய பாளம் போல ஆகிவிட்டன.

இரண்டாவது இரகசியம், மரத்தூள். இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கம்பளி நமக்குச் சூடு தருகிறதா? தரவே இல்லை! கம்பளிக்குள் அடுப்பா இருக்கிறது? நம் உடம்புதான் சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூடு வெளியே ஓடிவிடாமல் கம்பளி தடுக்கிறது, அவ்வளவுதான். கம்பளி நூல்களுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கதவு மூடியிருந்தால் உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. வெளியே இருப்பவரும் உள்ளே வர முடியாது அல்லவா? ஐஸுக்குப் போர்த்தினால் வெளியே உள்ள வெப்பம் உள்ளே வர முடியாது. சாக்கு, மரத்தூள், உமி, தெர்மாகோல் எல்லாமே இந்தக் கதவு வேலையைத்தான் செய்கின்றன. பாஸ்டன் பக்கத்து மர அறுவை மில்களில் மரத்தூள் குவிந்து கிடந்தது. அதை ஐஸைச் சுற்றிலும் அடைத்தார்கள்.

மூன்றாவது இரகசியம்தான் மிக முக்கியம். அது ஐஸுக்குள்ளேயே இருக்கிறது.

மறைந்திருக்கும் வெப்பம்

ஒரு பாத்திரத்தில் ஐஸைப் போட்டு ஒரு வெப்பமானியை வையுங்கள். ஐஸ் உருகத் தொடங்கும். வெப்பமானி 0 டிகிரி காட்டும். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பாதி உருகியிருக்கும். அப்போதும் ஏறக்குறைய 0 டிகிரிதான்! அறையிலிருந்து வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் கடைசித் துண்டு உருகும் வரை வெப்பநிலை ஏறவில்லை. உள்ளே போன வெப்பம் எங்கே போனது?

கைகோத்து நிற்கும் மூலக்கூறுகளின் பிடியை விடுவிக்கவே அந்த வெப்பம் செலவாகிவிட்டது. வெப்பமானியின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவதால் இதை 'உள்ளுறை வெப்பம்' என்கிறோம். 1760-களில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக் இதைக் கண்டு விளக்கினார்.

1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். அப்படியானால், ஐஸை வெறுமனே உருக்குவதற்கு ஆகும் வெப்பத்தில் அதே அளவு தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை, கை வைத்தால் சுடும் அளவுக்குக் கொண்டுபோய்விடலாம்!

ஒரு கணக்குப் போடுவோம். 30 டிகிரியில் நாலரை லிட்டர் பானைத் தண்ணீர் இருக்கிறது. அதில் 0 டிகிரியில் உள்ள 1 கிலோ தண்ணீரை ஊற்றினால், கலவை சுமார் 24½ டிகிரிக்குத்தான் இறங்கும். அதற்குப் பதிலாக 0 டிகிரியில் உள்ள 1 கிலோ ஐஸைப் போட்டால், அது முழுவதும் உருகியதும் தண்ணீர் 10 டிகிரிக்கு வந்துவிடும். இரண்டும் 0 டிகிரிதான். ஆனால் ஐஸுக்கு வெப்பத்தை விழுங்கும் வயிறு மிகப் பெரியது! இந்த வயிறு நிரம்ப நேரம் ஆகிறது. அதனால்தான் கப்பலில் ஐஸ் மெல்ல மெல்ல உருகியது.

நம் நாட்டிலேயே செய்த ஐஸ்

மூன்றாவது கேள்வி. அமெரிக்க ஐஸ் வருவதற்கு முன்னால் இந்தியாவில் ஐஸே கிடையாதா?

இருந்தது. அக்பர் காலத்தில் இமயமலைப் பனிக்கட்டியை லாகூருக்குக் கொண்டுவந்தார்கள். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் குளிர்ச்சியில் குடிநீர்ப் பாத்திரத்தைக் குளிர வைக்கும் வழக்கமும் இருந்தது. இவற்றை அபுல் பசல் எழுதிவைத்திருக்கிறார்.

அலகாபாத், காசி பக்கத்தில் இன்னொரு அதிசயம் நடந்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-இல் இதை விவரித்து எழுதினார். குளிர்காலத்தில் திறந்த வெளியில் ஆழமில்லாத குழிகள் வெட்டுவார்கள். குழியில் காய்ந்த கரும்புச் சோகை, சோளத்தட்டைகளைப் பரப்புவார்கள். அதன்மேல் அகல் போன்ற சிறிய மண் தட்டுகளை வைத்து, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைச் சிறிது ஊற்றுவார்கள். விடியும் முன்னே வந்து பார்த்தால் தட்டுகளில் ஐஸ் படிந்திருக்கும்! இதில் வேடிக்கை என்னவென்றால், காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே இருந்த இரவுகளிலும் இப்படி உறைந்ததுதான்.

எப்படி? மண் தட்டிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது தன்னுடைய வெப்பத்தையே எடுத்துக்கொண்டு போகிறது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அதோடு, மேகமில்லாத தெளிந்த இரவில் தட்டிலுள்ள தண்ணீர் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. அடியில் பரப்பிய தட்டை, தரையின் சூடு மேலே ஏறாமல் தடுக்கிறது. சென்னையில் இது நடக்காது. நம் ஊர் இரவு அவ்வளவு குளிராது. கடற்காற்றில் ஈரமும் அதிகம். ஆனால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போனால், அதிகாலையில் புல்தரை முழுவதும் உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருப்பதைக் காணலாம்.

இயந்திரம் வந்தது, கப்பல் நின்றது

டியூடர் 1864-இல் இறந்தார். அதற்குள் ஐஸ் செய்யும் இயந்திரங்கள் உலகில் வரத் தொடங்கிவிட்டன. 1874-இல் சென்னையிலேயே ஐஸ் உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1878-இல் வங்காளத்திலும் ஒன்று வந்தது. உள்ளூரிலேயே ஐஸ் கிடைக்கும்போது கப்பல் ஐஸ் எதற்கு? வியாபாரம் படுத்துவிட்டது.

காலியான ஐஸ் ஹவுஸைப் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கி, சன்னல்களும் தாழ்வாரங்களும் வைத்து வீடாக மாற்றினார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள்கள் இங்கேதான் தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி, இளம் வயதில் கணவரை இழந்த பெண்களைப் படிக்க வைக்க நடத்திய இல்லமும் இங்கே இயங்கியது. 1963-இல், விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி, 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஐஸ் உருகிவிட்டது, பெயர் மட்டும் உருகவில்லை!

இன்றைய ஐஸ் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது? பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அமோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புத் தண்ணீரைப் பூச்சியத்துக்கும் கீழே சுமார் 10 டிகிரி வரை குளிர வைக்கும். உப்புக் கரைந்திருப்பதால் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய உயரமான தகர டப்பாக்களை இறக்குவார்கள். டப்பாவுக்குள் உள்ள தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி உறையும். ஐஸ் பாரின் ஓரம் கண்ணாடி போலவும், நடு மட்டும் பால் போல வெள்ளையாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரில் கரைந்திருந்த காற்றை ஐஸ் தன் வரிசைக்குள் சேர்த்துக்கொள்ளாது. அதை நடுப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் அது குமிழிகளாக நடுவில் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை.

செய்து பாருங்கள்

ஒரு தட்டில் ஐஸ் துண்டு ஒன்றை வையுங்கள். அதன்மேல் ஈரமான நூல் ஒன்றைக் கிடத்துங்கள். நூலின் மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து நூலை மெல்லத் தூக்குங்கள். முடிச்சுப் போடாமலே ஐஸ் நூலோடு சேர்ந்து வரும்!

காரணம் இதுதான். உப்புப் பட்ட இடத்தில் ஐஸின் உறைநிலை குறைவதால் அது கொஞ்சம் உருகுகிறது. உருக வெப்பம் வேண்டுமே? அதைப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால் பக்கத்தில் உள்ள ஈரம் குளிர்ந்து உறைந்து நூலைப் பிடித்துக்கொள்கிறது. ஐஸும் உப்பும் சரியான அளவில் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 21 டிகிரி வரை குளிர்விக்கலாம். குல்ஃபி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு உப்பையும் போடுவது இதற்காகத்தான். அந்தக் கலவையை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் புண்ணாகிவிடும்.

உயிர் காக்கும் ஐஸ்

ஐஸ் என்றால் தின்பதற்கும் குடிப்பதற்கும் மட்டும்தானா? போலியோ சொட்டு மருந்து முகாமில் நர்ஸ் அக்கா தோளில் மாட்டிக்கொண்டு வரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பைகள் இருக்கும். நடுவில் மருந்து. தடுப்பு மருந்துகளை 2 டிகிரி முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூடானால் மருந்தின் சக்தி போய்விடும். அதேபோல, கக்குவான், தொண்டை அடைப்பான் நோய்களுக்கான தடுப்பூசி, மஞ்சள் காமாலை தடுப்பூசி போன்றவை உறைந்துபோனாலும் வீணாகிவிடும். திரும்ப உருக்கினாலும் பயன்படாது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி அளவில் இருக்கும். அப்படியே பெட்டியில் வைத்தால் மருந்து உறைந்துவிடுமே! நர்ஸ் அக்கா என்ன செய்கிறார் தெரியுமா? ஐஸ் பைகளைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருக்கிறார். பிறகு காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்க்கிறார். உள்ளே 'சளக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் போதும், பெட்டிக்குள் வைக்கிறார். வெப்பமானி தேவையில்லை! ஐஸும் தண்ணீரும் ஒன்றாக இருந்தால் அங்கே வெப்பநிலை 0 டிகிரி என்று அவருக்குத் தெரியும். இனி ஐஸ் முழுவதும் உருகும் வரை, வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், பெட்டிக்குள் குளிர்ச்சி நிலைத்து நிற்கும். ஜோசப் பிளாக் கண்ட உள்ளுறை வெப்பம்தான் இங்கே காவல்காரர்.

1995-இல் நாடு முழுவதும் போலியோ முகாம்கள் தொடங்கின. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. மலையேறி, ஆறு கடந்து, வீடு வீடாகப் போன அந்த நீலப் பெட்டிகளுக்குள் இருந்த ஐஸுக்கும் அதில் பங்கு உண்டு.

எந்த ஐஸைச் சாப்பிடலாம்?

குழந்தைகளே, இதை மட்டும் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 'உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை போன்றவற்றை உண்டாக்கும் கிருமிகள் பலவும் ஐஸுக்குள் சாகாமல் தூங்கிக்கொண்டிருக்கும். உருகியதும் விழித்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால்தான் அவை சாகும். அசுத்தமான தண்ணீரில் செய்த ஐஸ், அசுத்தமான ஐஸ்தான். பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் சரியே!

ஐஸ் தொழிற்சாலையில் இரண்டு வகை ஐஸ் செய்கிறார்கள். ஒன்று, குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீரில் செய்வது. இன்னொன்று, மீனைக் கெடாமல் வைக்கவும் பிற வேலைகளுக்கும் செய்வது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளில் ஏற்றும் ஐஸைக் கடித்துத் தின்ன முடியுமா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வித்தியாசம் தெரியாமல் போகிறது. இதற்காகத்தான் 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், தின்னத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆகவே ஐஸில் நீலம் தெரிந்தால் அதை வாயில் வைக்காதீர்கள். நீலம் இல்லை என்பதற்காகவே நல்ல ஐஸ் என்றும் முடிவு கட்டாதீர்கள். கடையில் தரையில் போட்டு உடைக்கிறார்களா, அழுக்குச் சாக்கில் கிடக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், "ஐஸ் போடாமல் ஜூஸ் கொடுங்கள் அண்ணா" என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில், காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் நீங்களே ஐஸ் செய்துகொள்ளலாம். அதுதான் எல்லாவற்றையும்விட நல்லது.

கடைசியாக ஒரு புதிர்

ஒரு டம்ளரில் ஐஸ் துண்டைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸின் தலை தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். ஐஸ் உருகினால் தண்ணீர் வழியுமா, வழியாதா?

செய்து பார்த்தால் தெரியும். ஒரு சொட்டுக்கூட வழியாது! உறைந்தபோது விரிந்த அந்த 9 சதவீதம்தான் மேலே துருத்திக்கொண்டிருந்தது. உருகும்போது அது சுருங்கி, தான் முன்பு விலக்கிய தண்ணீரின் இடத்தில் சரியாக அடங்கிவிடுகிறது.

இப்போது டம்ளருக்குப் பதிலாகக் கடலை நினைத்துப் பாருங்கள். வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய உயராது. ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் மலைபோலக் குவிந்திருக்கும் பனி வேறு. அது உருகினால், வெளியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது போல. டம்ளர் வழியத்தான் செய்யும். பூமி சூடாகிக்கொண்டு வருவதால் அந்த நிலப்பனி உருகிக் கடலில் சேர்ந்துகொண்டிருக்கிறது. கடலோரத்தில் இருக்கும் நம் சென்னைக்கும் இது கவலைப்பட வேண்டிய செய்திதான். மின்சாரத்தை வீணாக்காதே, மரம் வளர் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகவும்தான்.

அடுத்த முறை மெரினாவுக்குப் போகும்போது, அப்பா அம்மாவிடம் கேட்டு அந்த வட்டக் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். உடன் வரும் தம்பி தங்கையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐஸுக்கு விசிறிவிட்டால் அது சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா?"

அவர்கள், "விசிறினால் குளிரும், அதனால் மெதுவாக உருகும்" என்பார்கள். ஐஸைச் சுற்றிக் குளிர்ந்து நிற்கும் காற்றை விசிறி தள்ளிவிட்டு, புதிய வெப்பக் காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே சீக்கிரம் உருகும். நம்பாவிட்டால் இரண்டு துண்டு ஐஸை எடுத்து, ஒன்றை மின்விசிறிக்கு அடியிலும் மற்றொன்றை விசிறிக் காற்றுப் படாத மூலையிலும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லைவிடச் செய்து பார்ப்பதுதான் அறிவியல்!